எக்ஸ்பான்ஷன் வந்த பிறகு உங்கள் கில்டு என்ன ஆச்சு? மும்பை ஆட்களின் அனுபவங்கள்

செம்பூர்_டேங்க்:

ஆன்லைன் ஆட்டத்துக்குப் புது எக்ஸ்பான்ஷன், அதாவது பெரிய விரிவாக்கம், வரும்போதெல்லாம் புது மேப் எப்படி, எந்த கிளாஸ் (பாத்திர வகை) தூக்குகிறது என்று பேசியே நாள் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்து நிஜமான மாற்றம் வேறு இடத்தில் நடக்கிறது, அதாவது நேற்றுவரை யார் இல்லாமல் நம்மால் ஆட முடியாதோ அவர் இன்றைக்குத் தேவைப்படுகிறாரா இல்லையா என்பதில். உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள், முதலில் என்னுடையது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2006. லெவல் 60தான் உச்சம், மோல்டன் கோர் என்ற ரெய்டுக்கு, அதாவது பெரிய கூட்டமாகப் போய் அடிக்கும் சண்டைக்கு, 40 பேர் வேண்டும். எங்கள் கில்டு (சேர்ந்து ஆடும் குழு) அமெரிக்க சர்வரில் இருந்தது. அவர்கள் கலிஃபோர்னியா நேரப்படி இரவு எட்டு மணிக்குக் கூடினால் நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை. மலாடில் நைட் ஷிஃப்ட் முடித்து, லோக்கலில் தூங்கி வழிந்து வீடு வந்து, அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே டேங்க் பண்ணுவேன், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியை வாங்குவேன். மாதம் 15 டாலர் சந்தா, அன்றைய கணக்கில் 600 ரூபாய்க்கு மேல். வீட்டில் அதை இன்டர்நெட் பில் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த 40 பேரில் உருப்படியாக ஆடுகிறவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிகம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ப்ரீஸ்ட் ஆடினார், அடிபட்டவர்களுக்கு ஹீல் போட்டுக் காப்பாற்றும் வேலை. நான் சாகும்போது என்னைத் தவிர எல்லோருக்கும் ஹீல் போடுவார், ஆனால் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. 40 இடத்தை நிரப்ப வேண்டும், அதனால் அவர் எங்களுக்கு ரொம்ப முக்கியமான மனிதர்.

2007 ஜனவரி 16, பர்னிங் க்ரூசேட் வந்தது. லெவல் 70 ஆனது, பெரிய ரெய்டுகள் 25 பேருக்குச் சுருங்கின, கராஜான் வெறும் 10 பேருக்கு. 10 பேர் என்றால் முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரிக்கத்தானே வேண்டும்? முதல் அணி கியர் (ஆயுதம், கவசம்) சேர்த்துக்கொண்டு மேலே போனது, இரண்டாம் அணி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது, ஒரு மாதத்தில் பேச்சுவார்த்தையே இல்லை. பஸ் டிரைவரை விலகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அழைப்பு வருவதுதான் நின்றுபோனது. கொஞ்ச நாள் ஆன்லைனில் பெயர் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த ஊதா நிற உயர்தரப் பொருட்களில் பலவற்றை, புது உலகத்தின் முதல் பகுதியான ஹெல்ஃபயர் பெனின்சுலாவில் ஏதோ சில்லறை குவெஸ்ட்டுக்குக் கிடைத்த பச்சை நிறச் சாதாரணப் பொருட்கள் தூக்கிச் சாப்பிட்டன. அதற்குப் பலர் அழுதார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, கியர் போனால் திரும்ப வரும்.

ஒரு நல்லதும் நடந்தது. முதல் வாரம் புது உலகத்துக்குள் போகும் டார்க் போர்ட்டல் வாசலில் நிற்க இடமில்லாத கூட்டம். உள்ளே ஃபெல் ரீவர் என்ற இரும்பு ராட்சதன் சுற்றிக்கொண்டிருப்பான், லெவல் 70 எலீட், நாம் எல்லாம் 60. அவன் காலில் மிதிபட்ட யாரோ ஒருவர் பொது சாட்டில் “ஐயோ அம்மா” என்று அடித்தார். எந்த ஊர் என்று கேட்டேன். மாட்டுங்கா என்றார்!

மாட்டுங்கா_ஹீலர்:

அந்த ஐயோ அம்மா நான்தான், அதை ஊருக்கே சொல்லியாயிற்று, ரொம்ப நன்றி. ஃபெல் ரீவர் வந்தால் தரை அதிரும், சத்தமும் கேட்கும். எங்கள் வீட்டில் காலையில் தாத்தா பூஜையில் இருப்பார், அதனால் ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அண்ணா சொன்ன 40, 25 கதை இரண்டாவது முறையும் நடந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் கிளாசிக் சர்வர்கள் திறந்தார்கள், பழைய ஆட்டம் அப்படியே. 40 பேர் கில்டு சேர்த்தோம். 2021 ஜூனில் பர்னிங் க்ரூசேட் கிளாசிக் வந்தது. என்ன ஆகும் என்று இந்தத் தடவை எல்லோருக்கும் தெரியும், முன்னாடியே உட்கார்ந்து பேசி, ரோஸ்டர் போட்டு, யாரும் வருத்தப்படக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. அப்படியும் உடைந்தது. இந்த முறை அழைப்பு வராமல் நின்றது எனக்கு.

ஆனால் எக்ஸ்பான்ஷன்களில் எனக்கு மறக்கவே முடியாதது ராத் ஆஃப் த லிச் கிங் என்ற அடுத்த எக்ஸ்பான்ஷன் வருவதற்கு முன்னால் விட்ட ஜாம்பி கூத்து. 2008 அக்டோபர் கடைசி. நோய் தொற்றினால் கொஞ்ச நேரத்தில் நீங்களே ஜாம்பி ஆகி மற்ற ஆட்டக்காரர்களைக் கடிக்கலாம். நாள் போகப்போகத் தொற்று முற்றும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நகரத்தில் ஏலக் கடைக்காரன் செத்துக் கிடக்கிறான், பேங்க்கில் ஆள் இல்லை, ஒரு வேலையும் நடக்காது. பாதிப் பேர் காறித் துப்பினார்கள். நான் பாலடின் கிளாஸ் ஆடும் ஒருவரோடு சேர்ந்து வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் நோயை நீக்கிக்கொண்டிருந்தேன். ரெய்டும் இல்லை, லூட்டும் இல்லை, முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நவம்பர் 13 எக்ஸ்பான்ஷன் வந்தது, எல்லோரும் நார்த்ரெண்ட் என்ற புதுக் கண்டத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்புறம் டன்ஜன் ஃபைண்டர் வேறு கொண்டுவந்தார்கள், பட்டனை அழுத்தினால் டன்ஜனுக்கு (சின்னக் குழுவாகப் போகும் குகைச் சண்டைக்கு) முகம் தெரியாத நாலு பேர், முடித்துவிட்டு வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் ஆட்டம் அங்கேதான் கெட்டது.

தாராவி_ரோக்:

முதலில் ஒரு சின்ன விளக்கம். டன்ஜன் ஃபைண்டர் எக்ஸ்பான்ஷனோடு வரவில்லை, ஒரு வருஷம் கழித்து 2009 டிசம்பரில் பேட்ச் 3.3 என்ற அப்டேட்டில் வந்தது.

அடுத்தது, அண்ணன்மார் இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த பட்டன் இல்லாவிட்டால் நான் இந்த ஆட்டத்தில் தங்கியிருக்கவே மாட்டேன். நகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவன். குழுவுக்கு ஆள் வேண்டுமா என்று சாட்டில் இங்கிலீஷில் கேட்பதற்குள் கை வியர்த்துவிடும், தப்பாக எழுதினால் சிரிப்பார்கள். பட்டனுக்கு என் இலக்கணம் தேவையில்லை. “ஆட்டத்தில் மனிதத் தொடர்பு போச்சு” என்று சொல்பவர்களுக்கு முன்பு அந்தத் தொடர்பு சுலபமாகக் கிடைத்தது, அதனால் சொல்கிறார்கள்.

நான் வந்தது கேடக்ளிஸம் எக்ஸ்பான்ஷனில், 2010 டிசம்பர். துபாயில் இருந்த மாமா மகன்தான் சந்தாவுக்கான கேம் கார்டு வாங்கி நம்பரை அனுப்புவான். அந்த எக்ஸ்பான்ஷனில் புது இடம் சேர்த்ததைவிடப் பழைய உலகத்தை உடைத்ததுதான் அதிகம். பேரன்ஸ் என்ற பகுதி இரண்டாகப் பிளந்தது, தௌசண்ட் நீடில்ஸ் என்ற பகுதி முழுக்க வெள்ளம், ஜூலை மாதத்து கிங்ஸ் சர்க்கிள் மாதிரி. மூத்தவர்கள் எல்லாம் “இங்கே முன்பு பாலைவனம் இருந்தது தெரியுமா” என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தபோதே படகில்தான் போனேன், எனக்கு அதுதான் தௌசண்ட் நீடில்ஸ்.

என்னோட சந்திப்பு டெத்விங்கோடு. அந்தக் கறுப்பு டிராகன் திடீரென்று ஏதாவது ஒரு பகுதிக்கு மேலே பறக்கும், கீழே இருப்பவர்கள் எல்லாம் எரிந்து சாவார்கள், லெவல் 10 ஆனாலும் 85 ஆனாலும் ஒரே கதி. செத்தால் ஒரு சாதனைப் பட்டயம் வேறு உண்டு. அது கிடைக்க வேண்டும் என்று சில பேர் நாள்கணக்கில் ஒரே இடத்தில் காத்துக் கிடந்தார்கள், நான் ஓநாய் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது இலவசமாகக் கிடைத்தது. பக்கத்தில் எரிந்து கிடந்த ஒரு பெரிய லெவல் ஆள் அன்றைக்கு ஒரு பை வாங்கிக் கொடுத்தார், காரணமே இல்லாமல்.

முலுண்ட்_மெஸ்மர்:

வார்கிராஃப்ட்டை விட்டு வேறு பேசவே மாட்டீர்களா? கில்டு வார்ஸ் 2 என்ற வேறோர் ஆட்டத்தில் 2012-இல் லெவல் உச்சம் 80, இத்தனை எக்ஸ்பான்ஷன் வந்தும் இன்றைக்கும் 80. மாதச் சந்தா கிடையாது. வேலை, கல்யாணம் என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பப் போனேன், பழைய அசெண்டட் என்ற உயர்தரக் கவசம் இன்னும் முதல் தரத்தில் இருந்தது. செம்பூர் அண்ணாவின் பச்சை, ஊதா கண்ணீர் எங்களுக்குக் கிடையாது.

ஆனால் அவர் சொன்ன விஷயம் இங்கேயும் நடந்தது, வேறு வழியில். மலை உச்சியில் ஏதாவது இருக்கும், குதித்துக் குதித்து ஏற வேண்டும், பாதியில் விழுந்தால் மறுபடி கீழிருந்து. மெஸ்மர் (மாயவித்தைக்காரன்) ஆடுகிறவன் ஏறிவிட்டு போர்ட்டல் (மாய வாசல்) திறந்தால் கீழே தவிப்பவர்கள் அப்படியே மேலே வந்துவிடலாம். சாயங்காலங்களில் எனக்கு அதுதான் வேலை. அதிலேயே பாதி நண்பர்கள் கிடைத்தார்கள். 2015-இல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் எக்ஸ்பான்ஷன் காற்றில் மிதக்க கிளைடர் கொடுத்தது, அதோடு பிழைத்தேன். 2017-இல் பாத் ஆஃப் ஃபயர் எக்ஸ்பான்ஷன் மவுண்ட்கள் (சவாரி மிருகங்கள்) கொடுத்தது, அதில் ஸ்பிரிங்கர் என்று முயல் மாதிரி ஒன்று, அழுத்திப் பிடித்தால் மாடி உயரம் தாவும். மவுண்ட் ஏற விடாத சில புதிர்களைத் தவிர என் போர்ட்டலுக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. அந்த முயலைத் திட்டவும் மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

டோம்பிவிலி_வார்லாக்:

எல்லோரும் பிரிந்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு வார்கிராஃப்ட்டில் 2024-இல் வந்த த வார் வித்தின் எக்ஸ்பான்ஷன் கொடுத்தது நேரம். டெல்வ்ஸ் என்று சின்னச் சின்னக் குகைகள், தனியாகவே போகலாம், கூட பிரான் ப்ரான்ஸ்பியர்ட் என்று கம்ப்யூட்டரே ஆடும் பாத்திரம் ஒருவர் வருவார், ஹீலராக இரு என்றால் ஹீலராக இருப்பார். பிள்ளை எழுந்து அழுதால் போட்டது போட்டபடி போய்விட்டு வரலாம், பிரான் முகம் தூக்க மாட்டார். நாலு மனிதர்களோடு டன்ஜன் போகும்போது அப்படி நடுவில் எழுந்து போய்ப் பாருங்கள்.

ரெய்டும் போகிறேன். ஆஸ்திரேலிய சர்வர், அவர்களுக்கு இரவு எட்டு என்றால் அவர்களுடைய கோடைக் கணக்கில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, பிள்ளை ஸ்கூலில். ஏப்ரலில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், மூன்றரை ஆகிவிடும், அதுதான் ஸ்கூல் வேன் வரும் நேரம். அந்த அரை வருஷத்துக்கு பிரானே துணை.

செம்பூர்_டேங்க்:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் திரும்ப வரலாம் போலிருக்கிறது. அந்தக் குகைகளுக்கு ஒரு டேங்க் வேண்டுமானால் சொல்லுங்கள்.

டோம்பிவிலி_வார்லாக்:

அண்ணா, 2025 பேட்ச் ஒன்றில் பிரானுக்கே டேங்க் வேலையும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஞாயிறு ரெய்டில் ஓர் இடம் காலி. உங்கள் ஐட்டம் லெவல் (கியரின் தர எண்) எவ்வளவு?