மரியாதைக்காக அணிந்த ராணுவ உடை: நமக்கு நேர்ந்தவை

கைத்தையல்

வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சொல்லத் தயங்கிய ஒன்றை இப்போது எழுதுகிறேன். போரில் உயிர்நீத்த வீரர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் ஒன்றுக்கு, ராணுவத்தினர் அணிவதைப் போன்று பச்சையும் பழுப்பும் கலந்த மேற்சட்டை ஒன்றை அணிந்து சென்றிருந்தேன். வழக்கமான வெள்ளைச் சட்டையைவிட அதுவே அந்த இடத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். சட்டை மொட்டையாகத் தெரிகிறதே என்று, இணையத்தில் வாங்கிய துணிச் சின்னம் ஒன்றையும் மார்புப் பையின்மேல் நானே தைத்துக்கொண்டேன். சிறகு விரித்த ஒரு குத்துவாள். அது எதைக் குறிக்கிறது என்று தேடிப் பார்க்கவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் கைத்தடியுடன் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கையசைத்து அழைத்து, "தம்பி எந்த யூனிட்?" என்று கேட்டார். "நான் மிலிட்டரி இல்லைங்க ஐயா, மரியாதைக்காகப் போட்டுக்கிட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. சின்னத்தின் ஓரத்தில் கோணலாக ஓடிய என் தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இதை வாங்கினவன் ஒருத்தனை எனக்குத் தெரியும். இன்னைக்கு வாசிக்கப் போற பேர்ல அவன் பேரும் இருக்கு" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த தம்முடைய பையை எடுத்துவிட்டு என்னை அங்கே உட்காரச் சொன்னார். பெயர்கள் வாசிக்கப்பட்ட நேரம் முழுவதும், ஏதோ நெஞ்சு வலிக்காரனைப் போல, அந்தச் சின்னத்தை உள்ளங்கையால் மூடியபடியே உட்கார்ந்திருந்தேன்.

இப்படி உடை விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்தவற்றையும், எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தோன்றியதையும் அறிய விரும்புகிறேன்.

ஓய்வில் ஒருவன்

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். 22 ஆண்டுகள் சீருடை அணிந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பச்சைப் புள்ளி போட்ட கால்சட்டையுடன் தெருவில் போகும் பிள்ளைகளைப் பார்த்து எங்களில் பெரும்பாலோர் முகம் சுளிப்பதில்லை. அது துணி. ஆனால் எங்கள் கண் துணியோடு நிற்பதில்லை என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. எதிரே வருபவரின் தோள், பெயர்ப்பட்டை, மார்பு, தொப்பியின் நிறம் என்று ஒரே வீச்சில் வாசித்துவிடும் பழக்கம் பயிற்சியின் முதல் மாதத்திலேயே ஊறிவிடுகிறது. யாருக்கு யார் வணக்கம் செலுத்த வேண்டும் என்பதே அந்த வாசிப்பைப் பொறுத்ததுதானே. ஓய்வு பெற்ற பின்னும் அது விடுவதில்லை. ஒரு திருமண வீட்டில், வேடிக்கையாக ராணுவச் சட்டை அணிந்து வந்திருந்த இளைஞரின் ஒரு தோளில் ஒரு பதவிக்கான பட்டையும் மறுதோளில் வேறொரு பதவிக்கான பட்டையும் இருந்ததைப் பார்த்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு வேறு எதிலும் கவனம் செல்லவில்லை. எழுத்துப்பிழையுடன் ஒரு கல்வெட்டைப் பார்த்தால் தமிழாசிரியர் படும் பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தைத்த சின்னம் பற்றி. சிறகும் குத்துவாளும் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் சிறப்புப் படைகளுக்கு உரியவை. இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினர் அணியும் 'பலிதான்' சின்னமும் அந்த வகையே. கடுமையான தகுதிகாண் காலத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். தாண்டாதவர் அதே ராணுவத்தில் பெரிய அதிகாரியாக இருந்தாலும் அணிய முடியாது. எனக்கே அந்த உரிமை இல்லை. பல நாடுகளில் வான்குடைப் படையினர் அணியும் மெரூன் நிறத் தொப்பியும் இதே கதைதான். பெரியவர் உங்களைத் திட்டாததற்குக் காரணம், அவர் கேட்டவுடன் நீங்கள் உண்மையைச் சொன்னது என்று நினைக்கிறேன். "எந்த யூனிட்" என்பது எங்களிடையே சொந்த ஊர் கேட்பதைப் போன்ற அன்பான கேள்வி. அந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்பவர்களிடம்தான் எங்களுக்குக் கசப்பு உண்டாகிறது.

மூன்றாம் ஸ்லிப்

துணிக்கும் சின்னத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 2019-ஆம் ஆண்டு கிரிக்கெட் ரசிகர்கள் அனைவரும் கண்ணெதிரே பார்த்தோம். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, மார்ச் 8-ஆம் தேதி ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஒருநாள் போட்டியில் இந்திய வீரர்கள் அனைவரும் ராணுவப் புள்ளிகள் கொண்ட தொப்பி அணிந்து ஆடினர். தொப்பியில் இருந்தது கிரிக்கெட் வாரியத்தின் சின்னம்தான், எந்தப் படைப்பிரிவின் சின்னமும் இல்லை. ஆட்டத்துக்கான ஊதியத்தைத் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு வழங்கினார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்கப்பட்டிருந்தது, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் ஏற்றுக்கொண்டது. ஜூன் மாதம் சவுத்தாம்ப்டனில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் தோனியின் விக்கெட் கீப்பிங் கையுறையில் மேலே சொல்லப்பட்ட குத்துவாள் சின்னம் தெரிந்தபோது, விதிமுறைப்படி அதை அனுமதிக்க முடியாது என்று அதே கவுன்சில் மறுத்துவிட்டது. தோனி 2011-இல் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனவர், பாராசூட் பிரிவுடன் தொடர்புடையவர், ஆகவே அவருக்கும் சின்னத்துக்கும் உள்ள உறவு வேறு. கவுன்சில் பேசியதும் மரபைப் பற்றியன்று, ஆடுகளத்துச் சாதன விதியைப் பற்றி. இருந்தாலும், அன்று நான் பணிபுரிந்த அலுவலகத்தில் அந்தச் சின்னம் அச்சிட்ட டி-சட்டைகளை மொத்தமாகத் தருவித்து நாங்கள் பன்னிரண்டு பேரும் அணிந்து படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் காவலாளி ஒரு முன்னாள் படைவீரர். படத்தில் நிற்க அழைத்தபோது, "நீங்க எடுத்துக்கோங்க சார்" என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் ஏன் ஒதுங்கினார் என்பது இந்த உரையாடலைப் படித்த பிறகே எனக்கு உறைக்கிறது.

அளவோடு

ஒரு மாற்றுக் கருத்து. ராணுவத்திலிருந்து வந்த உடையெல்லாம் கூடாது என்றால் நாம் அணிய ஒன்றும் மிஞ்சாது. காக்கி என்ற நிறமே 19-ஆம் நூற்றாண்டில் படைக்காக வந்தது. டிரெஞ்ச் கோட் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பெயர் பெற்றது. கார்டிகன் என்ற கம்பளி மேற்சட்டையின் பெயர், கிரிமியப் போரில் படை நடத்திய ஒரு பிரபுவின் பட்டப்பெயர். தொடைப் பக்கத்தில் பை வைத்த கால்சட்டைக்கும் அதே பூர்விகம்தான். நான் பல ஆண்டுகளாக ஆலிவ் பச்சை நிறச் சட்டை அணிகிறேன், இதுவரை யாரும் என்னை எந்தப் படையிலும் சேர்க்கவில்லை.

பெயர் வேண்டாம்

எனக்கு நேர்ந்தது உங்களுடையதைவிட வெட்கக்கேடானது. குளிருக்கு இதமாக இருந்ததால் ராணுவ உபரிச் சட்டை ஒன்றை அணிந்து, தலைமுடியையும் ஒட்ட வெட்டிக்கொண்டு நெடும்பயணம் ஒன்றில் இருந்தேன். வழியில் ஓர் உணவகத்தில் பணம் கொடுக்கப் போனபோது, கல்லாவில் இருந்த பெண்மணி என் கையைத் தள்ளிவிட்டு, "எல்லையில நிக்கிறவங்ககிட்ட காசு வாங்குறதா? போயிட்டு வாங்க தம்பி" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள், அவர்கள் எதிரில் விளக்கம் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஒரு நொடிதானே என்று சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்து கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் அவர் என்னைத் தம்பி என்று அழைத்த குரல் திரும்பக் காதில் விழுந்தது. அவர் வீட்டில் யாரோ ஒருவர் எங்கோ நின்றுகொண்டிருக்கக் கூடும். நான் பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பொய்யைச் சட்டை சொன்னது, பலனை நான் வாங்கிக்கொண்டேன்.

ஓய்வில் ஒருவன்

இதை எழுதியதற்கு நன்றி, தம்பி. திரும்ப அந்த வழியாகப் போனால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தரணி

'பெயர் வேண்டாம்' தொட்ட இடத்தில்தான் சட்டங்களும் நிற்கின்றன என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு, படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அத்தகைய உடை அணிவதையோ சின்னம் தாங்குவதையோ குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதே குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆவது பிரிவாக இருந்தது. பிரிட்டனின் 1894-ஆம் ஆண்டுச் சீருடைச் சட்டம், எண்ணம் எதுவாக இருந்தாலும் அனுமதியின்றிப் படைச்சீருடை அணிவதையே தடுக்கிறது, மேடை நாடகம், சர்க்கஸ் போன்ற நிகழ்ச்சிகளுக்கு விலக்குத் தருகிறது. அமெரிக்காவில் பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேச்சுரிமையின் அடிப்படையில் 2012-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2013-இல் வந்த புதிய சட்டம், அப்படிப் பொய் சொல்லிப் பணமோ வேறு ஆதாயமோ பெற முயல்வதை மட்டும் பிடிக்கிறது. சட்டம் விட்டுவிடுவதையெல்லாம் மனம் விட்டுவிடுவதில்லை என்பதற்கு மேலே உள்ள பதிவே சாட்சி.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தவர்கள். அதன்பின், பொதுமக்கள் ராணுவப் பாணி உடைகளைத் தவிர்க்குமாறு ராணுவமே கேட்டுக்கொண்டது.

வழிப்போக்கன்

பார்படோஸ் போகிறவர்கள் கவனத்துக்கு: அங்கே குழந்தைகள் உட்பட யாரும் உருமறைப்புப் புள்ளிகள் கொண்ட எந்த உடையும் அணியக் கூடாது. ஜமைக்கா, டிரினிடாட் டொபாகோ நாடுகளிலும் அப்படியே. விமான நிலையத்தில் என் ஏழு வயது மகனின் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள், அவன் தன் நாட்டுச் சிப்பாய்களுக்குப் பிடித்த தொப்பி இது என்று வாதாடிப் பார்த்தான். அதிகாரி சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, பெட்டியின் பூட்டு விழும்வரை அங்கேயே நின்றார்.

அப்பாவின் மகள்

என்னுடையது கொஞ்சம் வேறு வகை. அப்பா இறந்த ஆண்டு, அவருடைய படைப்பிரிவு கூடும் நினைவு நாளுக்கு அம்மாவால் போக முடியவில்லை, என்னைப் போகச் சொன்னார். அப்பாவின் சீருடைச் சட்டையை அணிந்துகொண்டு போகத்தான் முதலில் நினைத்தேன். அலமாரியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தபோது, கழுத்துப் பட்டையின் உள்விளிம்பில் அவருடைய எண்ணெய்க் கறை பழுப்பாகப் படிந்திருந்தது, கை மடிப்புகளில் அவர் தேய்த்த இஸ்திரிக் கோடு இன்னும் கலையாமல் இருந்தது. என் கை நீளத்துக்கு அந்தக் கோட்டை மாற்றி மடிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்ய முடியவில்லை. சட்டையைத் திரும்பத் தொங்கவிட்டுவிட்டேன்.

பதக்கங்களை மட்டும் ஒரு சாதாரணப் புடவையின்மேல் குத்திக்கொண்டு போனேன், வாங்கியவர்கள் குத்துவதைப் போல இடப்பக்கத்தில். வாசலிலேயே அப்பாவுடன் பணியாற்றிய ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "அம்மா, இடது பக்கம் வாங்கினவனுக்கு. அவனுக்காக வர்றவங்க வலது பக்கம் குத்தணும்" என்று சொல்லி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி எனக்கு மறைவாக நின்றுகொண்டார். நான் மாற்றிக் குத்தினேன். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து போன்ற நாடுகளில் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம் இது என்று பிறகு படித்தேன். உள்ளே போனதும் முன்பின் தெரியாத ஐந்து பேர் வந்து, என்னிடம் வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல், அப்பாவின் பெயரை மட்டும் கேட்டார்கள். வலப்பக்கம் பதக்கம் இருந்தால் அது இன்னொருவருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சட்டையை அணிந்து போயிருந்தால் ஒவ்வொருவருக்கும் நான் யார் என்று விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

அளவோடு

என் முந்தைய பதிவின் தொனி கொஞ்சம் துடுக்காக இருந்தது, மன்னிக்கவும். ஆலிவ் பச்சைச் சட்டையை விடுவதாக இல்லை. ஆனால் தோள்பட்டையில் மூன்று பொத்தான்களை நட்சத்திரம்போல் பதித்த ஒரு சட்டையும் என்னிடம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஓய்வில் ஒருவன்

மரியாதை காட்ட என்னதான் அணிவது என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்காகவே செய்யப்பட்டவை இருக்கின்றன. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அன்று உண்டியலில் பணம் போட்டுச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடி, படைவீரர் குடும்பங்களின் நலநிதிக்கானது. பிரிட்டனில் 1921 முதல் நவம்பரில் அணியப்படும் சிவப்புப் பாப்பி மலரும் அப்படித்தான். அவற்றை யார் அணிந்தாலும் யாரும் "எந்த யூனிட்" என்று கேட்கப்போவதில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, துவைத்துத் தேய்த்த ஒரு நல்ல சட்டையும், பெயர் வாசிக்கும்போது பையில் ஒலிக்காத கைபேசியும்.

கைத்தையல்

எல்லோருக்கும் நன்றி. அந்தச் சட்டை என்ன ஆயிற்று என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். அன்றிரவே பிளேடால் தையலைப் பிரித்துவிட்டேன். சின்னம் இருந்த இடத்தில், குத்துவாள் பட்டையின் அளவுக்கு ஒரு சதுரமாக ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. தோட்ட வேலைக்கு இப்போதும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். சின்னத்தை அந்தப் பெரியவரிடமே கொடுத்துவிடலாம் என்று மறு ஆண்டு கூட்டத்துக்கு ஓர் உறையில் எடுத்துப் போனேன், வெள்ளைச் சட்டையில். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கடையில வாங்கினதுதானே, எனக்கெதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்தார்.