ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்தால் நீல வாணவெடி மட்டும் ஏன் வெளிறுகிறது?

கேள்வி (ஏற்காட்டுவாசி): தீபாவளி இரவில் கீழே சேலத்தில் வெடிக்கும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரிகின்றன. பெட்டியில் ‘நீலம்’ என்று போட்டிருப்பது சாம்பல் ஊதாவாக வருகிறது. சரக்கு மட்டமா?

செவ்வாய்ப்பேட்டை (சேலம்) வாசி: சரக்கைக் குறை சொல்லாதீங்க, வேதியியலே அப்படி. நீலம் தருவது செம்பு அல்ல, சுடரில் உருவாகும் செம்பு மோனோகுளோரைடு மூலக்கூறு. அது 420-460 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும், அதுதான் நீலம். சூடு கூடினால் சிதைந்துவிடும். குறைந்தால் ஒளி போதாது. குளோரின் பற்றாவிட்டால் செம்பு ஹைட்ராக்சைடு உருவாகிப் பச்சை ஏறும், ஆக்சைடு சிவப்பைக் கலக்கும். பிரகாசம் வேண்டுமென்று மக்னீசியம், அலுமினியம் சேர்த்தால் சூடு எகிறும். வெண்ணிற ஆக்சைடுத் துகள்களும் ஒளிர்ந்து நீலத்தை விழுங்கிவிடும். துளி சோடியம் அசுத்தம் போதும், 589 நானோமீட்டரில் மஞ்சள் வந்து கெடுத்துவிடும்.

கன்னங்குறிச்சி (சேலம்) வாசி: அவர் சொன்னது பாதிதான் சார். நீங்கள் பார்க்கும் இடமும் காரணம். குறுகிய அலைநீளம் காற்றில் அதிகம் சிதறும், அதனால் புகையையும் பனியையும் தாண்டி மலைக்கு வருவதற்குள் நீலம்தான் முதலில் தேயும். கண்ணுக்கும் 450 நானோமீட்டர் நீலத்தைவிட 555 பக்கம் உள்ள பச்சையில் கூர்மை அதிகம்.

ஏற்காட்டுவாசி: அந்தக் காலத்தில் நல்ல நீலம் இருந்ததாமே?

செவ்வாய்ப்பேட்டை வாசி: நீலம் வர ‘பாரிஸ் பச்சை’ என்ற பொடியைப் போட்டார்கள். செம்போடு ஆர்சனிக் கலந்த நஞ்சு அது. கீழே இறங்கி, காற்று வரும் பக்கமாக நின்று, முதல் வாணத்தைப் பாருங்க. புகை சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.