பழைய தூண்டில் கோலுக்கு எந்த லைன்? அவசரம்

ஆற்றோரம்: தாத்தாவின் ஃப்ளை கோல், அதாவது பூச்சி போன்ற பொய் இரையை லைனின் எடையாலேயே வீசும் தூண்டில், கைக்கு வந்திருக்கிறது. புது லைன் வாங்கிப் போட்டேன். பின்னால் வீசினாலே கோல் கைப்பிடி வரை வளைகிறது, லைன் என் தலைமேலேயே பொத்தென்று விழுகிறது. எது சரி? சனிக்கிழமை கிளம்புகிறேன்.

நூல்கண்டு: மூங்கிலா, கண்ணாடி இழையா? எத்தனை அடி? கைப்பிடிக்கு மேலே எழுத்து ஏதாவது இருக்கிறதா?

மழைமீன்: இப்போது போட்டிருக்கும் லைன் என்னவென்றும் சொல்லுங்களேன்.

பட்டுப்பித்தன்: எதுவானாலும் பட்டு லைன்தான். பிளாஸ்டிக் பூசியதைப் பழைய கோலில் போடுவது பாவம்.

ஆற்றோரம்: மூங்கில், மூன்று துண்டு. 8 அடி, அதனால் 8-ஆம் எண் லைன். எழுத்து இல்லை.

மூத்தகோல்: மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. நீளத்துக்கும் லைன் எண்ணுக்கும் சம்பந்தமில்லை தம்பி. எண் என்பது எடை. 8 என்றால் முதல் 30 அடி 210 கிரெய்ன், சுமார் பதின்மூன்றரை கிராம்.

நூல்கண்டு: அண்ணே, தெரியாமல்தானே கேட்கிறார். ஆற்றோரம், வார்னிஷ் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

ஆற்றோரம்: அட, இருக்கிறது! எச்டிஎச். அப்புறம், முதல் இணைப்பில் வீசும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறது.

நூல்கண்டு: அது பட்டு லைன் காலத்துக் குறி. எழுத்து தடிமனைச் சொல்லும்: எச் 0.025 அங்குலம், டி 0.045. இரு நுனியும் மெல்லிசு, நடு தடிமன், அதாவது டபுள் டேப்பர், சுருக்கமாக டிடி. நைலான் வந்ததும் அதே தடிமனில் எடை குறைந்துபோய் இந்தக் குறிக்கு அர்த்தமில்லாமல் போனது. 1960-களின் தொடக்கத்தில்தான் எடையை வைத்து எண் கொடுத்தார்கள். பட்டியலில் எச்டிஎச்சுக்கு நேரே டிடி6 இருக்கும், 160 கிரெய்ன். ஆனால் இன்றைய லைன்கள் பல பெட்டியில் போட்டிருப்பதைவிடக் கனம். டிடி5-இல் தொடங்குங்கள். சந்தேகமென்றால் முதல் 30 அடியைத் தராசில் வையுங்கள். பத்தரை கிராமை ஒட்டி வந்தால் அதுதான் உண்மையான 6.

மழைமீன்: டிடிதான் வேண்டுமா? முன்பக்கம் மட்டும் கனமான டபிள்யூஎஃப் லைன் போதுமே. 30 அடிக்குள் இரண்டும் ஒன்றுதான்.

பட்டுப்பித்தன்: ஒன்றா? லைனைப் பின்னால் வீசாமல் முன்னே உருட்டி விடும் ரோல் காஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டிடி ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போடலாம், டபிள்யூஎஃப்பில் முடியுமா?

மழைமீன்: பட்டு லைனை ஒவ்வொரு முறையும் காயவைத்து, கிரீஸ் தடவுகிறவர் சிக்கனம் பேசுகிறார்.

மூத்தகோல்: இருவரும் தனி இழை தொடங்குங்கள்.

ஆற்றோரம்: நண்பர் ஒருவரின் டிடி5 போட்டேன். கோல் மெதுவாக வளைந்து மெதுவாகவே நிமிர்கிறது, லைன் நேராகப் போகிறது. நன்றி!

நூல்கண்டு: அந்த 'டிக்' சத்தம் என்னவாயிற்று? இணைப்பு உலோகம் மூங்கிலிலிருந்து விட்டிருக்கலாம். ஒட்டாமல் வீசினால் அங்கேயே முறியும்.

நூல்கண்டு: ஆற்றோரம்?

மூத்தகோல்: கிளம்பியிருப்பார். இன்றைக்குச் சனிக்கிழமை.