ஐந்தில் மூன்று: யாருக்கு லாபம்?

கடைசிபெஞ்சு: அடுத்த வாரம் எம்.ஏ. வரலாறு தேர்வு. நோட்ஸில் 1787 அமெரிக்க அரசியல் சட்டம் பற்றி இப்படி இருக்கிறது: "அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகவே மதித்தார்கள்." அப்படியே எழுதலாமா?

பனையோலை: எழுதாதீர்கள், தம்பி. அடிமைகளை முழுசாக எண்ணச் சொன்னதே அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலமான தென் கரோலினாக்காரர்கள்தான். மக்கள்தொகைப்படி பிரதிநிதிகள் சபையில் இடம். ஓட்டில்லாத அடிமைகளைக் காட்டி எஜமானர்கள் இடம் பிடிக்கப் பார்த்தார்கள். சட்டம் எழுதிய மாநாட்டில் பென்சில்வேனியாவின் பிரதிநிதி மோரிஸ் கேட்டார்: மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி ஓட்டுக் கொடுங்கள், சொத்து என்றால் மற்ற சொத்தை ஏன் எண்ணவில்லை? அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் சேர்ப்பது என்று பேரம் படிந்தது. இன்னொரு வேடிக்கை, 1783-ல் வரிக்காக இதே தலைக்கணக்கு வந்தபோது தெற்கு குறைத்து எண்ணச் சொன்னது!

சுங்கச்சாவடி: அப்படியென்றால் அது தெற்குக்கு விழுந்த வெட்டுதானே? அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸே 1860 கிளாஸ்கோ உரையில் அப்படித்தான் வாதாடினார்: அடிமை மாநிலங்களுக்கு ஐந்தில் இரண்டு பங்கு நஷ்டம். மாநிலங்களுக்குப் பிரித்துப் போடும் நேரடி வரிக்கும் அதே கணக்குதான், அடிமைகளை எண்ணினால் வரியும் கூடும்.

பனையோலை: நேரடி வரியை எத்தனை முறை போட்டார்கள்? அரசாங்கம் ஓடியது பெரும்பாலும் சுங்க வரியில். (உங்கள் பெயருக்கே தெரியுமே!) ஆனால் கூடுதல் இடம் ஒவ்வொரு தேர்தலிலும் கிடைத்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் அது சேர்ந்தது. 1800 ஜனாதிபதி தேர்தலில் அந்தக் குழுவின் ஓட்டு தெற்கத்திக்காரர் ஜெபர்சனுக்கு 73, வடக்கத்திக்காரர் ஆடம்ஸுக்கு 65. அடிமைக் கணக்கைக் கழித்தால் ஆடம்ஸ்தான் ஜெயித்திருப்பார்.

சுங்கச்சாவடி: அந்த 65-ஐ அப்படியே நம்பாதீர்கள். பென்சில்வேனியாவில் மக்கள் ஓட்டே நடக்கவில்லை. சட்டமன்றம் பேரம் பேசி ஜெபர்சனுக்கு 8, ஆடம்ஸுக்கு 7 என்று பிரித்தது. மக்களிடம் விட்டிருந்தால் ஆடம்ஸுக்கு அந்த 7 கிடைத்திருக்குமா?

பனையோலை: சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் டக்ளஸை வைத்து முழு விவாதத்தையும் ஜெயிக்க முடியாது. எதை ஒப்பிட்டு நஷ்டம் என்கிறோம்? முழுசாக எண்ணுவதோடு ஒப்பிட்டால் நஷ்டம். ஓட்டில்லாதவரை எண்ணாமல் விடுவதோடு ஒப்பிட்டால் கொள்ளை லாபம்.

சுங்கச்சாவடி: எண்ணாமல் விட்டிருந்தால் தெற்கு ஒன்றியத்தில் சேர்ந்தே இருக்காது.

பனையோலை: சேராமல் தனியே நின்றிருந்தால், ஓடிவந்த அடிமையை வடக்கு பிடித்துக் கொடுக்கும் ஷரத்தும் இருந்திருக்காதே.

கடைசிபெஞ்சு: அண்ணன்மாரே, இது பத்து மார்க் கேள்வி. மோரிஸ் கேட்டதை முதல் பத்தியில் வைக்கிறேன், டக்ளஸை அடுத்ததில். பென்சில்வேனியா 8-7-க்கு இடம் இருந்தால் பார்க்கிறேன்.