பொருள்: நீந்தும் ட்ரைலோபைட்டுக்குத் தமிழ் (அவசரம்!)

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பை நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு படக்குறிப்பு காலையிலிருந்து என்னை நகரவிடவில்லை. ஓப்பிப்யூட்டரெல்லா என்கிற அற்றுப்போன ட்ரைலோபைட் பேரினம் (ட்ரைலோபைட் என்பது பழங்காலக் கடலில் வாழ்ந்த, ஓடுடைய கணுக்காலி), நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆர்டோவிசியக் காலத்தது. ஒடுங்கிய உடம்பு, தலையின் இரு பக்கமும் புடைத்த பெரிய கண்கள். மற்ற ட்ரைலோபைட்டுகளில் பெரும்பாலானவை கடலடியில் ஊர்ந்துகொண்டிருக்க, இது தரையை விட்டு மேலே நீந்தித் திரிந்தது. ட்ரைலோபைட்டுக்கு ஒரு சொல், 'ஃப்ரீ ஸ்விம்மிங்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். அப்புறம் அந்தப் பேரினப் பெயரை என்ன செய்வது? பத்து வயதுப் பிள்ளையின் வாயில் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

———

முதலில் ட்ரைலோபைட் என்று எழுதுவதை நிறுத்துங்கள். சொல்லுக்கு முதலில் டகர மெய் வராது என்று இந்தக் குழுவில் எத்தனை முறை எழுதுவது? திரைலோபைட்டு என்று எழுதலாம். திரை என்றால் அலை. அலையில் நீந்திய உயிருக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பெயர் வைத்தவருக்கே தெரியாமல் தமிழ் உள்ளே புகுந்திருக்கிறது.

———

> திரை என்றால் அலை

ஐயா, பிள்ளைகளுக்குத் திரை என்றால் கைபேசித் திரை. அலை எல்லாம் நமக்குத்தான். 'ட்ரை' மூன்று, 'லோப்' மடல், காதுமடலில் வருகிற அதே மடல். முதுகில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடும். நடுவில் ஒரு மேடு, இருபுறமும் ஒவ்வொன்று, அந்த மூன்றுதான் கணக்கு. தலை, நடுவுடல், வால் என்று குறுக்கே எண்ணுகிறவர்கள் நிறையப் பேர், அது தவறு. எனவே மும்மடலி.

———

மும்மடலி என்றால் ஒரே நாளில் மூன்று மடல் அனுப்புகிறவர் என்றுதான் இங்கே பொருள்படும். பெயர் சொல்ல விரும்பவில்லை, திரை ஐயா கோபித்துக்கொள்வார். மடலேறுதலையும் யாராவது இழுப்பதற்கு முன் நானே இழுத்துவிடுகிறேன்: அது பனை மடல், இது வேறு.

———

பேரினப் பெயரில்தான் சுவையே இருக்கிறது, அதைப் பேசாமல் மடலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, அயர்லாந்து, அமெரிக்காவின் யூட்டா மூன்று இடங்களிலும் கிடைத்த புதைபடிவ எச்சங்களை வைத்து 1974-இல் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் ஃபோர்ட்டி இதற்கு ஓப்பிப்யூட்டர் என்று பெயரிட்டார். ஆனால் 1969-லேயே ஒரு தென்னமெரிக்கப் பல்லிப் பேரினம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு போய்விட்டது. விலங்குகளில் இரண்டு பேரினங்களுக்கு ஒரே பெயர் கூடாது என்பதால் 2005-இல் பின்னால் 'எல்லா' ஒட்டினார். கிரேக்கத்தில் ஓப்பிப்யூட்டர் என்பதற்கு உற்றுப் பார்ப்பவன் என்று பொருள், அதுவும் அவ்வளவு மரியாதையான பார்வை இல்லை; ஹோமரின் இலியட் காவியத்தில் ட்ராய் இளவரசன் பாரிஸைப் பெண்களை வெறிப்பவனே என்று ஏசுகிற இடத்தில் வருவதும் இதே வேர்தான். சிற்றினப் பெயர் இன்கொனிவஸ், கண்மூடாத. நமக்கோ அகநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே 'இமையா நாட்டம்' இருக்கிறது. இமையாக்கண்ணி என்று வையுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே க் மிகும். அச்சில் அதை விழுங்கிவிடாதீர்கள்.

———

> இமையாக்கண்ணி

கண்ணிவெடி என்று படிப்பான் பையன். தவிர, இமையாமல் இருக்க முதலில் இமை வேண்டுமே. ட்ரைலோபைட் கண்ணின் வில்லைகள் கால்சைட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே கனிமம்; அதன்மேல் மூட எதுவும் கிடையாது. சொல்வதானால் இமையிலி. ஆனால் சொல்லவே வேண்டாம் என்பது என் கட்சி. உலகம் முழுக்க ஒரே பெயர் இருக்கட்டும் என்பதற்காகத்தானே பல்லிக்கு விட்டுக்கொடுத்தார்கள்? நாம் தனியாக ஒன்று வைத்தால் பிள்ளை நாளைக்கு இணையத்தில் எதைத் தேடும்?

———

'ஃப்ரீ ஸ்விம்மிங்' அநாதையாகக் கிடக்கிறதே. கட்டற்ற நீச்சல் என்றால் மென்பொருள் வாடை அடிக்கிறது. தன்னீச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, தட்டச்சு செய்தால் கணினியின் பிழைதிருத்தி அதைத் தன்னிச்சை ஆக்கிவிட்டது. மிதவை உயிரி என்றும் எழுத முடியாது. அது நீரோட்டம் இழுத்த பக்கம் போவது, இது தானே நீந்தியது.

———

மணி ஒன்றே முக்கால், கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பது இப்போது நான்தான். மும்மடலிக்கு ஐந்து பேர், திரைலோபைட்டுக்கு ஒருவர். பேரினப் பெயர் ஒலிபெயர்ப்பாகவே போகிறது, 'கண்கொட்டாமல் பார்ப்பது என்று பொருள்' என ஒரு வரி சேர்த்துவிட்டேன். நீச்சலுக்குச் சொல்லே வேண்டாம், 'கடலடியைத் தொடாமல் நீந்தித் திரிந்தது' என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

———

வாக்கியம் கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரைலோபைட்டு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

———

தாமதத்துக்கு மன்னிக்கவும், இப்போதுதான் மடல்களைப் பார்த்தேன். அந்த 'எல்லா'வை யாருமே கவனிக்கவில்லையா? கலித்தொகையில் ஆணையும் பெண்ணையும் உரிமையோடு விளிக்கிற சொல் அது. ஓப்பிப்யூட்டர், எல்லா! இதை அப்படியே விட்டுவிட முடியுமா?