காலி இடத்திலும் உட்கார்ந்துவிடும் மோப்ப நாய்: பிழை எங்கே?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். 16 மாத லாப்ரடார், ஆண். கஞ்சா மோப்பத்துக்கு 5 மாதமாகப் பயிற்சி. 10 பெட்டிகளை வரிசையாக வைத்தால் ஒருமுறைகூடத் தவறுவதில்லை. சரக்கு உள்ள பெட்டியில் மூக்கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிடும். ஆனால் எதுவும் ஒளித்து வைக்காத கிடங்கிலோ பேருந்திலோ விட்டால், மூன்று நான்கு நிமிடத்தில் எங்காவது உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. பயிற்சிச் சரக்கு துறை வழியாக முறைப்படி வந்தது. 50 கிராம் பொட்டலம் ஒன்றுதான். ஜிப் கவரில் போட்டு, பரிசாகக் கொடுக்கும் பந்தோடு ஒரே பையில் வைத்திருக்கிறேன். நாய் சரியில்லையா, பயிற்சி சரியில்லையா? அடுத்த குட்டிக்கு ராஜபாளையம் எடுக்கலாமா?

பட்டைவார்:
தம்பி, நாய் மேல் குற்றமில்லை. "என் முகத்தைப் பார்க்கிறது" என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. இதுவரை நடந்த ஒவ்வொரு பயிற்சியிலும் சரக்கு இருந்திருக்கிறது. கடைசியில் பந்தும் கிடைத்திருக்கிறது. எங்காவது உட்கார்ந்தால்தான் வேலை முடியும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. எங்கே உட்காருவது என்பதை உங்கள் நடையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சந்தேகமான இடத்தில் நம் கால் அரை நொடி தயங்கும், வார் லேசாக இறுகும், மூச்சு நிற்கும். நாய்க்கு அது போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு 2011இல் வெளியானது. நாயும் கையாள்பவருமாக 18 ஜோடிகளை, போதைப்பொருளோ வெடிபொருளோ இல்லாத அறைகளில் தேட விட்டார்கள். சிவப்புத் தாள் இருக்கும் இடத்தில் சரக்கு இருக்கும் என்று கையாள்பவர்களிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். 144 தேடல்களில், சரக்கு இருப்பதாக 225 தவறான அறிவிப்புகள். தாள் இருந்த இடங்களில்தான் அவை அதிகம் குவிந்தன.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். காலிப் பெட்டி முன் வேண்டுமென்றே 10 நொடி நில்லுங்கள். நாய் உட்கார்ந்தால் உங்களைப் படிக்கிறது என்று பொருள். உங்களைத் தாண்டிப் போய் அடுத்த பெட்டியை முகர்ந்தால், முகர்ந்த அந்தக் கணமே பாராட்டுங்கள்.

அடுத்து, மூன்று நான்கு தேடலுக்கு ஒன்று காலியாக இருக்கட்டும். காலி இடம் முடிந்ததும் சத்தமில்லாமல் வெளியே கூட்டி வந்து, வேறொரு இடத்தில் சுலபமான ஒன்றைக் கண்டுபிடிக்க வைத்துப் பந்து கொடுங்கள்; இல்லாவிட்டால் தேடும் ஆசை வற்றிவிடும். சரக்கை மூன்றாவது ஆள் வைத்துவிட்டு அங்கிருந்து போய்விட வேண்டும். உங்களுக்கும் தெரியக்கூடாது, உடன் நிற்பவருக்கும் தெரியக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நாய்கள் உண்டு.

கண்ணாடிக்குப்பி:
பட்டைவார் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்பே ஒரு கோளாறு இருக்கிறது. சரக்கும் பந்தும் ஒரே பையிலா? அந்த நாய் கஞ்சாவைத் தேடுகிறதா, பந்தைத் தேடுகிறதா, ஜிப் கவரைத் தேடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய பாலித்தீனில் வாசனை நிற்காது, கசிந்துவிடும். உலோக மூடி போட்ட கண்ணாடிக் குப்பிக்கு மாற்றுங்கள். பந்து தனி அறையில் இருக்கட்டும்.

காலிப் பெட்டிகளிலும் அதே கவர், அதே டேப், அதே வகைக் கையுறை பட்ட பஞ்சு இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியை மட்டும் தொட்டு அடுக்கியிருந்தால், நாய் தேடுவது உங்கள் கை வாசனையைத்தான். சரக்கைத் தொட்ட கையுறையோடு காலிப் பெட்டியைத் தொடாதீர்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். சில பெட்டிகளில் தேயிலை, புகையிலை, பிஸ்கட், புது டென்னிஸ் பந்து போடுங்கள். அவற்றைத் தாண்டிப் போகப் பழக வேண்டும்.

எப்போதும் 50 கிராம் என்பதும் ஆபத்து. ஐந்து கிராமும் வேண்டும், துறை அனுமதித்தால் கிலோக்கணக்கிலும் வேண்டும். சின்ன அளவிலேயே பழகிய நாய் பெரிய மூட்டையின் அருகே வாசனை வெள்ளத்தில் ஊற்று எங்கே என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும். ஒளித்து வைத்தவுடன் நாயை விடாதீர்கள். அரை மணி நேரமாவது போனால்தான் வாசனை பரவி நிற்கும்.

இன்னொன்று: நேற்று சரக்கு வைத்த இடத்தை இன்று "காலி" என்று கணக்கில் எடுக்காதீர்கள். மிச்ச வாசனையில் உட்கார்ந்தால் அது நாயின் பிழையே அல்ல. தேதி, இடம், நேரம், வெப்பம், காற்று, எடை, ஒளித்தவர், முடிவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் பிழை எங்கே என்று பிடிக்க முடியாது.

வெயிலையும் பாருங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. 15, 20 நிமிடம் தேடினால் நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள்.

செவலைக்காது:
குட்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் ராஜபாளையத்தின் மேல் எனக்குப் பாசம் அதிகம், ஆனாலும் பேருந்து நிலைய மோப்பத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். வீட்டையும் தோட்டத்தையும் காக்க வளர்த்த நாய். அந்நியரைக் கண்டால் விறைக்கும். கூட்டத்தில் வேலை செய்ய வேண்டிய நாய்க்கு அது சுமை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வகை. அதற்காக உள்நாட்டு நாயே ஆகாது என்று சொல்லவில்லை. ராணுவம் கர்நாடகத்து முதோல் நாய்களை எடுத்தது. மத்தியப் பிரதேசத்தின் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையும் முதோல், ராம்பூர் நாய்களைப் பயிற்றுவிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனவிருத்தி செய்தால்தான் அது பலிக்கும்.

ராஜபாளையம் வளர்ப்பில் செவிட்டுத்தன்மையைக் கவனியுங்கள். வெள்ளை நிறத்தோடு உள்காதில் நிறமி செல்கள் குறைவதால் வருவது அது. கை தட்டிப் பார்த்தால் ஒரு காது செவிடு தெரியாது. ஒலிக்கு மூளை காட்டும் மின் அலையை ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளக்கும் மூளைத்தண்டு செவிச் சோதனைதான் காட்டும். ஒரு காது கேட்காததையும் இணைக்கு விடக்கூடாது. லாப்ரடார், ஷெப்பர்டு என்றால் இரண்டு வயதுக்குப் பிறகு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, மூட்டில் குறையில்லை என்று தெரிந்த தாய் தகப்பனின் குட்டியைக் கேளுங்கள்.

குட்டியைவிட 10 முதல் 14 மாத நாயைச் சோதித்து எடுப்பது பாதுகாப்பு. முழங்கால் உயரப் புல்லில் பந்தை எறிந்து, நாயை இரண்டு நிமிடம் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். மூன்று நிமிடமாவது உங்களைத் திரும்பிப் பார்க்காமல் மூக்கால் தேட வேண்டும். பிறகு வழுக்கும் டைல்ஸ், இருட்டறை, இரும்புப் படி. பக்கத்தில் தகரத்தைப் போடுங்கள், திடுக்கிடலாம், தப்பில்லை. சில நொடியில் மீண்டு வேலைக்குத் திரும்புகிறதா என்பதே கேள்வி.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. தவறாக உட்காரும்போது அதட்டலாமா?

பட்டைவார்:
கூடவே கூடாது. அதட்டினால் அடுத்த முறை உண்மையான சரக்கின் முன்பும் தயங்கும். ஒன்றும் பேசாமல், முகத்தையும் மாற்றாமல், நடந்துகொண்டே இருங்கள்.