‘கிளென்கேரி கிளென் ராஸ்’ (1992): இரண்டாம் முறை பார்த்தபோது உங்கள் கண்ணில் பட்டது என்ன?

திரைத்தறி

நூறு நிமிடப் படம். நிலம் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம், எதிரே ஒரு சீன உணவகம், மழை கொட்டும் ஓர் இரவு, மறுநாள் காலை. டேவிட் மாமெட் 1983-இல் மேடையேறிய தன் நாடகத்தைத் தானே திரைக்கதையாக எழுத, ஜேம்ஸ் ஃபோலி இயக்கினார். நாடகம் 1984-இல் புலிட்சர் பரிசு வாங்கியது.

பேச்சு எடுத்தாலே எல்லோரும் அலெக் பால்ட்வின் காட்சியில் போய் நின்றுகொள்கிறார்கள். மேலிடத்திலிருந்து வந்து சேல்ஸ்மேன்களை மிரட்டுகிறவர் அவர். போன வருடம் 9,70,000 டாலர் சம்பாதித்தேன் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவார். விற்பனைப் போட்டியில் முதல் பரிசு கேடிலாக் கார், இரண்டாம் பரிசு கத்தி செட், மூன்றாம் பரிசு சீட்டுக் கிழிப்பு. நாடகத்தில் இந்தப் பாத்திரமே கிடையாது. படத்துக்காக எழுதிச் சேர்த்தது. அபாரமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வெட்டி எடுத்து ஊக்க உரை என்று சுற்றுக்கு விடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அந்தப் பேச்சின் பலன் என்ன என்பதைப் படமே காட்டிவிடுகிறது: மறுநாள் காலைக்குள் அலுவலகத்தில் ஒரு திருட்டு, ஒரு செல்லாத விற்பனை.

கரும்பலகையைக் கவனியுங்கள். கவனம், ஆர்வம், முடிவு, செயல் என்று நான்கு படி சொல்வார். விற்பனைப் பாடப் புத்தகங்களில் மூன்றாவது படி வழக்கமாக ‘ஆசை’. அதாவது வாங்குகிறவன் மனசு. அந்த இடத்தில் இவர் ‘முடிவு’ என்று வைக்கிறார். வாங்குகிறவனுக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியே பலகையில் இல்லை.

கணக்குப்பிள்ளை

நன்றி நண்பரே. இந்தப் படத்தைப் பணக்கணக்கோடு பார்த்தால் இன்னும் நெஞ்சைப் பிசையும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ‘லீட்’ என்ற சொல் புரியாவிட்டால் பாதிப் படம் கை நழுவிவிடும். நிலத்தில் ஆர்வம் இருப்பதாக எப்போதோ ஒரு கூப்பனை நிரப்பி அனுப்பியவரின் பெயர், முகவரி, போன் நம்பர் கொண்ட அட்டைதான் லீட். புது அட்டை என்றால் ஆள் இன்னும் சூட்டோடு இருப்பார். பழைய அட்டை பத்துக் கை மாறியது. போன் எடுத்ததுமே திட்டு விழும்.

கம்பெனி வைத்திருக்கும் விதி இது: விற்றவனுக்குத்தான் புது அட்டை, விற்காதவனுக்குப் பழசு. பழசை வைத்து விற்க முடியாது, விற்காவிட்டால் புதுசு கிடையாது. ஒருமுறை கீழே விழுந்தவன் தன் முயற்சியால் ஏறி வரவே முடியாத ஏற்பாடு. ஜாக் லெமன் நடித்த ஷெல்லி லெவீன் ஒரு காலத்தில் முதல் இடத்தில் இருந்தவன். திறமை போய்விட்டதா, அட்டை கெட்டதா என்று கடைசிவரை அவனுக்கே தெரியாது.

மழையில் காருக்குள் நடக்கும் பேரத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மேனேஜர் வில்லியம்சனிடம் (கெவின் ஸ்பேசி) நல்ல அட்டை கேட்கிறான் லெவீன். தன் கமிஷனில் பத்து சதவீதம் தருகிறேன் என்று ஆரம்பிக்கிறது. அது இருபதாகிறது. அதற்கு மேல் அட்டைக்கு ஐம்பது டாலர், அதுவும் கையில் ரொக்கமாக. இரண்டு அட்டைக்கு நூறு டாலர். அந்த நூறு டாலர் அவன் பையில் இல்லை. பெரிய தொகை எதுவும் இல்லாத இந்த இடத்தில்தான் மனிதன் உடைகிறான்.

இன்னொரு கணக்கு. நைபோர்க் தம்பதியிடம் எட்டு மனை, 82,000 டாலர், தன் கமிஷன் 12,000 என்று லெவீன் காலையில் குதிக்கிறான். கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினைந்து. ராத்திரி அலுவலகத்தை உடைத்து அவன் திருடிய அட்டைகளுக்கு வெளியே கிடைக்கும் மொத்த விலை 5,000, அதில் பாதிதான் இவனுக்கு. ஒரு நல்ல விற்பனை கொடுப்பதில் கால்வாசிகூட இல்லாத பணத்துக்காக ஜெயில் வரை போகிறான்.

மேடைப்பித்தன்

கணக்குப்பிள்ளை சார், அந்த நைபோர்க் விற்பனையை அவன் விவரிக்கும் இடம்தான் லெமனின் உச்சம் என்பேன். சமையலறை மேசை, பேனாவை நீட்டிப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தது, சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம். நடந்ததை நமக்குக் காட்டவே மாட்டார்கள். முழுக்க அவன் வாயால் கேட்கிறோம். அதற்கு முன் நாம் நேரில் பார்த்தது வேறு லெவீன்: நனைந்த கோட்டோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சிரித்தபடியே முன்னேறப் பார்த்து, வீட்டுக்காரர் மரியாதை குறையாமல் ஒவ்வோர் அடியாகத் திரும்ப வாசலுக்கு நகர்த்திவிடும் காட்சி. சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டியிருக்க, கண் மட்டும் தோற்றுப்போகும். இந்த வீட்டுக் காட்சியும் படத்துக்காகச் சேர்த்ததுதான். இந்த வேடத்துக்குத்தான் 1992 வெனிஸ் விழாவில் லெமன் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

படப்பிடிப்புக்கு முன் நடிகர்கள் மூன்று வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அது எங்கே தெரிகிறது என்றால் எட் ஹாரிஸும் ஆலன் ஆர்கினும் பேசும் இடத்தில். மாஸ் (ஹாரிஸ்) பேசுவான், ஆரோனோவ் (ஆர்கின்) அவன் வாக்கியத்தின் கடைசிச் சொல்லையே கேள்வியாகத் திருப்பிப் போடுவான். அலுவலகத்தை உடைத்தால் என்ன என்பது சும்மா பேச்சாகத் தொடங்குகிறது. நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோமா, இல்லை திட்டம் போடுகிறோமா என்று ஆரோனோவ் தடுமாறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். காது கொடுத்துக் கேட்டதாலேயே நீயும் கூட்டாளி என்று மாஸ் முடிச்சுப் போடுகிறான். நிலம் விற்கிற அதே உத்தி, சக ஊழியன் மேல். வசனம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வரும், கெட்ட வார்த்தையும் ஏராளம். சப்டைட்டில் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது. கதைக்கு அல்ல, யார் யாரை இடைமறிக்கிறார்கள் என்று பிடிபட.

நாலாவது வரிசை

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அட்டையில் ‘படேல்’ என்ற பெயர் வந்தால் சேல்ஸ்மேன்கள் அதைக் குப்பை என்று வீசுகிறார்கள். இந்தியர்கள் வாங்கவே மாட்டார்கள், சேல்ஸ்மேனோடு பேசிக்கொண்டிருக்கத்தான் ஆசைப்படுவார்கள் என்று மாஸ் பச்சையாகவே ஏசுகிறான். கேட்கக் கசக்கும். ஆனால் அந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு கடைசிவரை வாருங்கள். நைபோர்க் தம்பதி எப்படிப்பட்டவர்கள் என்று வில்லியம்சன் சொல்லும்போது அதே குற்றச்சாட்டுதான் திரும்பி வருகிறது: சேல்ஸ்மேனோடு பேசப் பிடிக்கும், அவ்வளவுதான், காசோலைக்கு மதிப்பில்லை. பெயரைப் பார்த்து ஆளை ஒதுக்கியவர்களை ஒதுக்காத பெயர் கவிழ்க்கிறது. இதைப் பற்றி எந்தப் பாத்திரமும் வாய் திறப்பதில்லை. எழுத்தின் பலம் அங்கேதான்.

கணக்குப்பிள்ளை

அருமையான பார்வை, இது எனக்குப் படவே இல்லை.

திரைத்தறி

ஆல் பசினோ பற்றி யாருமே தொடவில்லையே. இந்தப் படத்தில் சேல்ஸ்மேன் ரிக்கி ரோமாவாக நடித்ததற்காகத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அதே ஆண்டு வேறொரு படத்துக்காக முதன்மை நடிகர் விருதையே வாங்கினார். உணவகத்தில் ஜேம்ஸ் லிங்க் (ஜொனாதன் பிரைஸ்) என்ற முன்பின் தெரியாத மனிதரிடம் நிலம் என்ற பேச்சையே எடுக்காமல் வெகுநேரம் வாழ்க்கை, பயம், ஆசை என்று பேசிக்கொண்டே போவார். லிங்க் கரைந்த பிறகுதான் ஃப்ளோரிடா நிலத்தின் துண்டுப்பிரசுரம் மேசையில் விரியும்.

மறுநாள் அது உடையும் விதத்தைப் படிப்படியாகப் பாருங்கள். மனைவி சொல்லிவிட்டாள் என்று லிங்க் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வருகிறார். ரத்து செய்ய மூன்று வேலை நாள் உண்டு. ரோமாவின் ஒரே வேலை அந்த நாட்களைக் கடத்துவது. கண் ஜாடையிலேயே லெவீன் வெளியூரிலிருந்து வந்த பெரும்புள்ளியாக மாறி, விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறான். ஒத்திகையில்லாமல் இருவரும் போடும் அந்த நாடகம் ஏறக்குறைய ஜெயித்துவிடும். அப்போது வில்லியம்சன் உள்ளே வந்து, லிங்க் திருட்டை நினைத்துப் பயப்படுகிறார் என்று தப்பாக எண்ணி, உங்கள் செக் நேற்றே பேங்குக்குப் போய்விட்டது என்று ஆறுதல் சொல்கிறான். போச்சு. ரோமாவுக்கு ஆறாயிரம் டாலரும் காரும் ஒரு வாக்கியத்தில் காலி.

நாலாவது வரிசை

சின்னத் திருத்தம். வீடு தேடி வந்து விற்கும் பொருளுக்கு அமெரிக்காவில் மூன்று வேலை நாள் என்ற கூட்டரசு விதி உண்டு, ஆனால் நிலம் அதற்குள் வராது. வெளிமாநில மனை விற்பனைக்குத் தனியாக 1968-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இன்று அதன்படி ஏழு நாள் அவகாசம். படம் சொல்லும் மூன்று நாளைக் கதையின் கெடுவாக எடுத்துக்கொள்வதே சரி.

மேடைப்பித்தன்

திரைத்தறி விட்ட இடத்திலிருந்து ஒரு நூல் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் முழுப் படமும் அதில்தான் தொங்குகிறது. லிங்க் போனதும் ரோமா வில்லியம்சனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறான். அவன் ஓய்ந்ததும், காலையில் பெரிய விற்பனை முடித்த தெம்பில் இருக்கும் லெவீன் தன் பங்குக்குத் தொடங்குகிறான்: பொய்யைக் கட்டிச் சொல்வதென்றால் உதவுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். வில்லியம்சன் நிதானமாகக் கேட்கிறான், நான் சொன்னது பொய் என்று உனக்கு எப்படித் தெரியும்? தினமும் ராத்திரி பேங்குக்குப் போகும் ஒப்பந்தம் அன்று ஒருநாள் மட்டும் அவன் மேசையிலேயே கிடந்தது. அந்த இருட்டு அறைக்குள் நுழைந்தவனுக்கு மட்டுமே அது தெரியும். போலீஸ் துப்பறியவே தேவைப்படவில்லை. லெமன் முகத்தை அந்தக் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். முதலில் சிரிக்கத்தான் முயல்வார்.

நாடகத்தை வாசித்தவர்கள் முடிவில் ஒரு வித்தியாசத்தை உணர்வார்கள். லெவீன் விசாரணை அறைக்குள் போனபிறகு, அவன் சம்பாதிப்பதில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ரோமா வில்லியம்சனிடம் பேசுவது மேடையில் உண்டு. அதுவரை லெவீனிடம் காட்டிய பாசமும் ஒரு விற்பனைதான் என்று அங்கே தெரிந்துவிடும். படம் அந்த வரியை எடுத்துவிட்டது. பசினோவின் ரோமா நமக்கு நண்பனாகவே தங்கிவிடுகிறான். மேடை முடிவே எனக்கு உசத்தி. அந்தக் கொடூரம் இல்லாமல் ரோமா அளவுக்கு மீறி அழகாகிவிடுகிறான்.

கணக்குப்பிள்ளை

நான் படத்தின் முடிவு பக்கம்தான், அண்ணே. காரணம் ஆர்கின். இரவுக் காட்சிகளில் உணவகத்தின் சிவப்பும் தெருவின் நீலமும் கொட்டிக் கிடக்கும். காலையில் ஒளிப்பதிவாளர் யுவான் ருயிஸ் அன்சியா எல்லாவற்றையும் சாம்பல் நீலத்துக்கு இறக்கிவிடுவார். அந்த வெளுத்த அறையில், உடைத்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே, இந்த வேலையை வெறுக்கிறேன் என்று சொன்ன ஆரோனோவ் தன் மேசைக்குத் திரும்பி அடுத்த நம்பருக்கு போன் போடுகிறான்.